ஓவனுக்குள் எந்த வயர்? வெப்பம் தாங்கும் வயரைத் தேர்ந்தெடுத்து மாட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

ஓ.டி.ஜி. (ஓவன்-டோஸ்டர்-கிரில்லர்) ஓவன் சூடாகவில்லை என்று பக்கத் தகட்டைக் கழற்றினால், தொட்டதும் பொடியாகும் ஒரு வயர் துண்டு கைக்கு வரும். அதைக் கொண்டுபோய்க் கடையில் காட்டினால் பெரும்பாலும் கிடைப்பது வீட்டு வயரிங்குக்கு விற்கும் எஃப்.ஆர். வயர். தீயைப் பற்றி உறையிலேயே போட்டிருக்கிறார்களே, சூடு தாங்கும் என்றுதான் தோன்றும். தாங்காது. எஃப்.ஆர். என்பது தீப்பிடித்தால் அந்தத் தீ வயர் வழியே ஓடிப் பரவாமல் இருக்கச் செய்த பி.வி.சி. மட்டுமே. அதன் வேலை வெப்பநிலை சாதாரண பி.வி.சி.க்கு உள்ள அதே 70 டிகிரி. எஃப்.ஆர்.எல்.எஸ். வயரில் புகை குறையும், எல்லை கூடாது. உறையில் எச்.ஆர். என்றும் சேர்த்து அச்சிட்டிருந்தால் 85 டிகிரி. ஓவனின் உள்வயருக்கு இவை எதுவும் பக்கத்தில்கூட வராது.

இங்கே சொல்வது ராட் (மின்சாரத்தில் சூடேறும் குழாய்க் கம்பி) வைத்துச் சூடாக்கும் ஓ.டி.ஜி., சுவரில் பதிக்கும் மின் ஓவன் ஆகியவற்றுக்கு மட்டும். மைக்ரோவேவ் ஓவனை இந்த வழிகாட்டியை வைத்துத் திறக்கவே கூடாது. அதிலுள்ள கெப்பாசிட்டரில் 2000 வோல்ட் அளவில் மின்சாரம் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும்.

எந்த இடத்துக்கு எவ்வளவு சூடு

ஓவன் முழுவதற்கும் ஒரே வயர் என்று நினைப்பதில்தான் பாதித் தவறு. உள்ளே நான்கு வகை இடங்கள் உண்டு.

முதலாவது, பின்பக்கம் வெளியே வரும் பவர் கார்டு. இது சூட்டைத் தொடாத வரை சாதாரண மூன்று கோர் பி.வி.சி. அல்லது ரப்பர் கார்டே போதும். இதற்குச் சிலிக்கான் வாங்குவது வீண் செலவு. ஆனால் கார்டு ஓவனின் மேல்தகட்டில் கிடக்கும்படி வைப்பவர்கள் ரப்பர் கார்டு போட்டுக்கொள்ளலாம், மேல்தகடு பி.வி.சி.யை உருக்கிவிடும்.

இரண்டாவது, தெர்மோஸ்டாட், டைமர், செலக்டர் ஸ்விட்ச் மூன்றும் இருக்கும் வலது பக்க அறை. உள்ளே 250 டிகிரி வைத்து ஒரு மணி நேரம் ஓட்டினால் இந்த அறையின் காற்றே 100 டிகிரிக்கு அருகில் போகலாம். சூட்டறையின் தகட்டை ஒட்டிக் கிடக்கும் வயருக்கு அதைவிடக் கூடுதல். 180 டிகிரி வயர் இங்கே சரியாகப் பொருந்தும்.

மூன்றாவது, ராட் முனை. இதுதான் உண்மையான சோதனை. ராடின் சூடு அதன் முனைக் கம்பி வழியாக நேரே லக்குக்கு, அதாவது வயர் நுனியில் அழுத்தி மாட்டும் உலோக முனைக்கு, வருகிறது. 200 டிகிரியைத் தாண்டும் வாய்ப்பு உண்டு. லக் கொஞ்சம் தளர்ந்தால் அதற்கும் மேல். கருகுவது பெரும்பாலும் இங்கே கடைசி இரண்டு மூன்று அங்குலம்தான்.

நான்காவது, விளக்கு, கன்வெக்‌ஷன் விசிறி மோட்டார் இவற்றுக்குப் போகும் மெல்லிய வயர். மின்னோட்டம் சொற்பம், சூடு அதிகம். 0.75 சதுர மி.மீ. போதும். ஆனால் வெப்பத் தகுதி குறையக் கூடாது.

அளந்தே பார்க்க வேண்டுமென்றால் மல்டிமீட்டரோடு வரும் கே டைப் வெப்ப சென்சார் உதவும். ஓவன் குளிர்ந்து, பிளக் வெளியே இருக்கும்போது சென்சார் முனையைச் சூட்டறைத் தகட்டின் வெளிமுகத்தில், மின் முனைகளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். மூடியை மாட்டிய பிறகே ஓட்டிப் பாருங்கள். முனையை எந்த லக்கிலும் வைக்காதீர்கள், மீட்டரே ஷாக் அடிக்கும். வந்த அளவுக்கு மேல் 40 டிகிரியாவது கூட்டி வயர் தேர்ந்தெடுங்கள். துப்பாக்கி போன்ற இன்ஃப்ராரெட் மானியைப் பளபளப்பான தகட்டில் நம்ப வேண்டாம், குறைத்துக் காட்டும்.

எல்லையை ஒட்டி ஓடவிட்டால் என்ன ஆகும்? அனுமதித்த அளவுக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் காப்பின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்துறையில் கையாளும் கணக்கு. 70 டிகிரி வயரை 110 டிகிரியில் ஓட்டினால் நான்கு முறை பாதியாகிறது. மாட்டிய அன்று நன்றாக வேலை செய்து, சில வாரத்தில் பிளாஸ்டிக் நாற்றம் வருவதற்கு இதுதான் காரணம்.

கடையில் கிடைக்கும் வயர்கள்

சிலிக்கான் ரப்பர் வயர்: 180 டிகிரி. மென்மையானது, ரப்பர் போல வளையும். இதன் ஒரே பலவீனம் கிழிபடுவது. தகட்டின் கூர்விளிம்பில் உரசினால் பிளேடு பட்டது போல அறுபடும்.

கண்ணாடி நார் பின்னல் போர்த்திய சிலிக்கான் வயர்: உள்ளே சிலிக்கான், வெளியே வெள்ளைப் பின்னல். 180 முதல் 200 டிகிரி. வயரிலோ சுருளின் லேபிளிலோ யு.எல். 3122 என்று இருந்தால் அது 200 டிகிரி, 300 வோல்ட் வகை. நம் 230 வோல்ட்டுக்குச் சரி.

டெஃப்லான் எனப்படும் பி.டி.எஃப்.இ. வயர்: சுமார் 260 டிகிரி வரை தாங்கும், மெல்லிய காப்பு, வழுக்கும், விலை கூடுதல். அளவு மீறிச் சூடாக்கினால் நச்சுப்புகை விடும் என்பதால் உணவு சமைக்கும் பெட்டியின் ராட் முனையில் இதைப் போட நாங்கள் சொல்வதில்லை.

முழுக் கண்ணாடி நார் அல்லது மைக்கா சுற்றிய வயர்: நிக்கல் பூசிய செம்புக் கம்பியோடு 350 டிகிரி, முழு நிக்கல் கம்பியோடு 450 டிகிரி வகைகள் உண்டு. தொழிற்சாலை ஹீட்டருக்கான சாமான். வீட்டு ஓவனில் ராட் முனைக்கு மட்டும் பொருந்தும்.

நம் காவிரி டெல்டாவுக்கு எது? ரப்பர் இல்லாத வெறும் கண்ணாடி நார்ப் பின்னல் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் திரிபோல உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு மாதம் ஓவனைத் தொடாமல் வைத்திருந்து போட்டால் கசிவு மின்னோட்டம் ஓடி, மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் விழும். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்தப் பகுதியில் எல்லா இடத்துக்கும் சிலிக்கான் மேல் பின்னல் போர்த்த வயர், தேவைப்பட்டால் ராட் முனையில் மட்டும் நிக்கல் கம்பித் துண்டு என்பதே எங்கள் தேர்வு. அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுக்குள் வரும் ஊர்களில் பின்னலுக்கு இன்னொரு பயனும் உண்டு. வெறும் சிலிக்கானை எலி ஒரே இரவில் உரித்துப் போட்டுவிடும். பின்னல் முழுத் தடை இல்லை, ஆனாலும் தேவலை.

கம்பியின் பூச்சையும் பாருங்கள். பூச்சில்லாத செம்பு 150 டிகிரிக்கு மேல் கறுத்து உதிரும். கடலோரத்தில் பச்சைக் களிம்பும் பிடிக்கும். ஈயம் பூசியது போல வெள்ளையாகத் தெரியும் டின் பூச்சுக் கம்பி 180 வரை போதும். அதற்கு மேல் நிக்கல் பூச்சு.

தடிப்பு எத்தனை சதுர மி.மீ.

ஓவனின் வாட்டை 230-ஆல் வகுத்தால் ஆம்பியர். 1200 வாட்டுக்கு 5.2, 1500-க்கு 6.5, 2000-க்கு 8.7, சுவரில் பதித்த 3000 வாட் ஓவனுக்கு 13. மெயின் வரும் முனையிலிருந்து தெர்மோஸ்டாட், டைமர் வழியாகப் போகும் வயரில் முழு மின்னோட்டமும் ஓடும். 2000 வாட் வரை 1.5 சதுர மி.மீ., 3000-க்கு 2.5. செலக்டரிலிருந்து மேல் ராடுக்கும் கீழ் ராடுக்கும் பிரிவதில் பாதிதான் ஓடும் என்றாலும் 1 சதுர மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். பழைய வயர் இதைவிடத் தடிப்பாக இருந்தால் அந்தத் தடிப்பையே போடுங்கள். சூடான இடத்தில் கம்பி தன் சூட்டையும் வெளியே விட வேண்டும் என்பதால் சரியான அளவுக்கு ஒரு படி கூடுதலாக இருப்பதில் நட்டமில்லை.

மிகத் தடிப்பாகப் போவதும் தொல்லைதான். 4 சதுர மி.மீ. வயர் சாதாரண 6.3 மி.மீ. லக்குக்குள் எளிதில் அடங்காது, விறைப்பாக நின்று தெர்மோஸ்டாட் தகட்டை இழுத்து ஒடிக்கும்.

இணையத்தில் பொம்மை விமானம், ட்ரோன் வேலைக்கு விற்கும் மெத்தென்ற சிலிக்கான் வயரை வாங்குவோர், கேஜ் எண்ணை மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்: 18 கேஜ் 0.82, 16 கேஜ் 1.3, 14 கேஜ் 2.1 சதுர மி.மீ. அதில் முடியிழை போன்ற நூற்றுக்கணக்கான கம்பிகள் இருக்கும். நேரே ஸ்க்ரூவில் மாட்டினால் பாதி இழை நழுவிவிடும். குழல் முனை போட்டு அழுத்தித்தான் மாட்ட வேண்டும். வோல்ட் அளவு அச்சில்லாத வயரை வாங்கவே வேண்டாம்.

எங்கே கேட்பது, எப்படிச் சோதிப்பது

வீட்டு வயரிங் சாமான் விற்கும் கடையைவிட மோட்டார் காயில் கட்டும் கடைதான் முதலில் போக வேண்டிய இடம். பம்புசெட்டு உள்ள ஊரெல்லாம் இந்தக் கடை உண்டு. மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, கும்பகோணம் எங்கும் விசாரித்தால் தெரிந்துவிடும். வயர்மேல் கோக்கும் கண்ணாடி நார் ஸ்லீவும் மோட்டார் லீடு வயரும் அங்கே அன்றாடச் சாமான்கள். ஆனால் வகை கேட்டு வாங்க வேண்டும்: மோட்டார் வேலையில் பி வகுப்பு 130 டிகிரி, எஃப் வகுப்பு 155, எச் வகுப்பு 180. நமக்கு எச் மட்டும். வார்னிஷ் பூசிய மஞ்சள் ஸ்லீவை எடுத்துக் கொடுத்தால் எந்த வகுப்பு என்று கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வாங்க வேண்டாம். வெறுமனே “ஹீட்டர் வயர் குடுங்கண்ணே” என்று கேட்டால் சூடேறும் கம்பியான நைக்ரோம் காயில் கைக்கு வந்துவிடலாம். “சிலிக்கான் வயர், 180 டிகிரி, ஒன்றரை எம்.எம்., மேலே கிளாஸ் பின்னல் போட்டது” என்று முழுதாகக் கேளுங்கள். உள்ளூரில் இல்லையென்றால் திருச்சியில் தொழிற்சாலைக்கு ஹீட்டர் செய்பவர்களிடம் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்களா என்று விசாரிக்கலாம். ஓர் ஓவனுக்கு இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் வேண்டியிருக்காது.

அயர்ன் பாக்ஸ் வயரை வெட்டிப் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் வெளியே உள்ள நூல் பின்னல்தான் சூட்டுக்கு ஈடுகொடுப்பது போலத் தெரிகிறது. உள்ளே இருப்பது சாதாரண ரப்பர். ஓவனுக்குள் அது வெடித்துப் பிளக்கும்.

வாங்கிய வயரில் ஓர் அங்குலக் காப்பை உரித்து, வாசலில் வைத்து இடுக்கியால் பிடித்துக் கொளுத்துங்கள். சிலிக்கான் எரிந்தால் வெண்சாம்பலாக நிற்கும். பி.வி.சி. என்றால் கரும்புகை, காரமான நெடி, ஒழுகும் கரி. இந்தச் சோதனையை டெஃப்லான் வயரில் செய்யாதீர்கள். அடுத்து, கம்பியைக் கத்தியால் சுரண்டுங்கள். வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு என்றால் டின் பூச்சுச் செம்பு, நல்லது. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை என்றால் செம்பு பூசிய அலுமினியம், திருப்பிக் கொடுங்கள்.

லக், ஸ்லீவ், பீங்கான் கனெக்டர்

எத்தனை நல்ல வயர் வாங்கினாலும் முனை கெட்டதாக இருந்தால் பயனில்லை. கணக்கைப் பாருங்கள்: 6.5 ஆம்பியர் ஓடும் இடத்தில் தளர்ந்த லக்கில் அரை ஓம் தடை சேர்ந்தால் அந்த ஒரு புள்ளியில் மட்டும் 21 வாட் சூடு பிறக்கிறது. சிறிய சால்டரிங் அயர்ன் ஒன்றை அங்கே செருகி வைத்தது போல. கருகிய வயர் பலவற்றில் குற்றவாளி வயரே அல்ல, இந்த லக்தான். அதனால் வயரை மட்டும் மாற்றிப் பழைய லக்கை விட்டுவைத்தால் புதிய வயரும் அதே இடத்தில் கருகும்.

மின்கடையில் சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் தொப்பியோடு விற்கும் லக் இங்கே ஆகாது. தொப்பி உருகி ஒழுகும். தொப்பியில்லாத, நிக்கல் பூசிய எஃகு லக் வேண்டும். கடையில் காந்தம் வைத்துப் பாருங்கள்: எஃகு ஒட்டும், பித்தளை ஒட்டாது. பித்தளை லக் 120 டிகிரியை ஒட்டியே பிடிப்பு விட ஆரம்பிக்கும், ராட் முனைக்கு உதவாது. ஸ்விட்ச் பக்கம் மட்டும் பரவாயில்லை. தெர்மோஸ்டாட்டிலும் ஸ்விட்சிலும் பொதுவாக 6.3 மி.மீ. அகலம், சிலவற்றில் 4.8. அளந்து வாங்குங்கள்.

ஈயம் வைத்துப் பற்றவைப்பது கூடவே கூடாது. 60/40 ஈயம் 190 டிகிரிக்குள் உருகிவிடும். பி.வி.சி. டேப், நைலான் டை, ஹீட் ஷ்ரிங்க் குழாய், எம்-சீல் எதுவும் உள்ளே போகக் கூடாது. நடுவில் ஒட்டுப் போட்டே ஆக வேண்டுமென்றால் பீங்கான் கனெக்டர், அதுவும் ராடிலிருந்து தள்ளி, குளிர்ந்த பக்கத்தில்.

மாட்டும் முறை

1. பிளக்கைப் பிடுங்கி, அது உங்கள் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். ஓவன் முழுதாக ஆறட்டும்.

2. மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றும் முன்பும் பின்பும் கைபேசியில் படம் எடுங்கள். செலக்டர் ஸ்விட்சில் எந்த வயர் எந்த முனை என்பது நினைவில் நிற்காது. ஒரு வயர் கழற்றி, ஒரு வயர் மாட்டி, பிறகு அடுத்தது. எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிவிட்டுத் திணறுவோர் அதிகம். மிகப் பழைய அடுப்பில் சாம்பல் நிறப் பஞ்சுபோன்ற கயிறோ அட்டையோ சுற்றியிருந்தால் ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், பிய்க்காமல் மூடிவிடுங்கள்.

3. ராடை அளந்துவிடுங்கள். 230-ஐ 230-ஆல் பெருக்கி வாட்டால் வகுத்தால் ஓம் அளவு: 1500 வாட்டுக்குச் சுமார் 35, 750-க்குச் சுமார் 70. இரண்டு ராட் தொடராக 750 வாட் என்றால் ஒவ்வொன்றும் 35. குளிர்ந்த நிலையில் சற்றுக் குறைவாகக் காட்டும். ராட் முனைக்கும் அதன் வெளிக்குழாய்க்கும் இடையே மல்டிமீட்டர் எதையும் காட்டக் கூடாது. காட்டினால் உள்ளே இருக்கும் மக்னீசியம் ஆக்சைடு பொடி ஈரம் வாங்கியிருக்கிறது. ராடைக் கழற்றி வேறு ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மூன்று மணி நேரம் உலர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். மழைக்காலத்தில் ட்ரிப் ஆவதற்கு இதுதான் பெரும்பாலும் காரணம். அதற்குத் தீர்வாக எர்த் பின்னை வெட்டிவிட்டு ஓட்டுவது நடக்கிறது. அதைவிட ஆபத்தான வேலை வேறில்லை.

4. பழைய வயரின் நீளத்துக்கு 2 செ.மீ. கூட்டி வெட்டுங்கள். லக் மாட்டும் முன்பே எச் வகுப்புக் கண்ணாடி நார் ஸ்லீவை வயரில் கோத்துவிடுங்கள், பிறகு நுழையாது.

5. காப்பை 6 முதல் 7 மி.மீ. உரியுங்கள். ஒரு இழைகூட வெட்டுப்படக் கூடாது. சிலிக்கானை நகத்தாலோ மழுங்கிய பிளேடாலோ சுற்றிக் கீறி இழுத்தால் கழன்றுவிடும். கம்பியை முறுக்கி லக்கில் நுழைத்து, கிரிம்பிங் பிளையரால் இரண்டு இடத்தில் அழுத்துங்கள்: ஒன்று கம்பிமேல், ஒன்று காப்புமேல். சாதாரணக் கட்டிங் பிளையரால் நசுக்கியது பிடிக்காது. பலமாக இழுத்துப் பாருங்கள். இப்போது கழன்றால் நல்லதாகப் போயிற்று.

6. ராட் முனை திருகாணியாக இருந்தால் வளைய லக். லக் உள்நட்டின் மேல் நேரே உட்கார வேண்டும். ஸ்பிரிங் வாஷர் அதற்கு வெளியே. உள்நட்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு வெளிநட்டை இறுக்குங்கள். பிடிக்காமல் இறுக்கினால் திருகாணி சுழன்று ராட் முனையின் பீங்கான் உடையும், ராடே போய்விடும். செருகும் முனையாக இருந்தால், அதில் உள்ள கறுப்பை மணல்தாளால் பளபளப்பு வரும்வரை தேய்த்துவிட்டு லக்கை அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு எளிதாக ஏறினால் அந்த லக் தளர்வு, வேறு போடுங்கள்.

7. வயர் எதுவும் சூட்டறைத் தகட்டைத் தொடாமல், கூர்விளிம்பில் உரசாமல் கிடக்க வேண்டும். துளை வழியாகப் போகும் இடத்தில் புஷ் (துளையின் விளிம்பில் மாட்டும் காப்பு வளையம்) இல்லையென்றால் ஸ்லீவை இரட்டையாகப் போடுங்கள். கட்டுவதற்குக் காயில் கடையில் கிடைக்கும் கண்ணாடி நார் நாடா.

8. கடைசியாக, எர்த் வயரை மறந்துவிடாதீர்கள். பெயின்ட்டைச் சுரண்டிய தகட்டில், நட்சத்திர வாஷரோடு, தனி ஸ்க்ரூவில்.

முதல் ஓட்டம்

பிளக்கின் எர்த் பின்னுக்கும் ஓவன் தகட்டுக்கும் இடையே அரை ஓமுக்குக் கீழ் காட்ட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து எர்த்துக்கு 500 வோல்ட் மெக்கரில் (காப்புத் தடையை அளக்கும் மீட்டர்) பார்த்தால் குறைந்தது 1 மெகா ஓம். மெக்கர் காயில் கடையில் இருக்கும். அளக்கும்போது தெர்மோஸ்டாட், டைமர், செலக்டர் மூன்றும் ஆன் நிலையில் இருக்கட்டும், இல்லையென்றால் ராட் வரை அளவு போகாது.

வீட்டின் 16 ஆம்பியர் பாயின்ட்டில், ஜன்னலைத் திறந்துவைத்து, காலி ஓவனை 200 டிகிரியில் அரை மணி ஓட்டுங்கள். புதுச் சிலிக்கான் முதல் தடவை லேசாக நெடி விடும், அது போய்விடும். பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தால் உடனே நிறுத்துங்கள். எங்கோ ஒரு பி.வி.சி. துண்டு உள்ளே மிச்சமிருக்கிறது. வோல்டேஜ் 250-க்கு ஏறும் வீடுகளில் 1500 வாட் ராட் 1770 வாட்டாக எரியும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லக் அங்கே சீக்கிரம் களைக்கும்.

ஆறிய பிறகு பிளக்கைப் பிடுங்கி மூடியைத் திறந்து ஒவ்வொரு லக்கையும் பாருங்கள். நீலமோ கறுப்போ ஏறியிருந்தால் அந்த முனையை வெட்டிப் புதிதாக அழுத்துங்கள். திருகாணி நட்டுகள் முதல் சூட்டில் கொஞ்சம் தளரும். இன்னொரு முறை இறுக்கிவிட்டு மூடியை மாட்டுங்கள்.